வாசகர் கேள்வி – பதில்: ‘றோட் ரேஸ்’ ஓடும் பெறாமகன்

மோட்டார் சைக்கிள் பந்தயம் ஓடும் பெறாமகனைப் பற்றி உரும்பிராயிலிருந்து வந்த ஒரு கடிதத்தைச் சென்ற இதழில் இரண்டு வரியில் குறிப்பிட்டு, பதிலைப் பின்னர் எழுதுவதாகச் சொல்லியிருந்தேன். அந்த இரண்டு வரியைப் படித்துவிட்டே வேறு சிலரும் எழுதிவிட்டார்கள். ஆகவே இந்த முறை மிளகாய்க் கன்று, வீட்டு உறுதி, பென்ஷன் பற்றிய கேள்விகள் எல்லாவற்றையும் ஒதுக்கிவைத்து, பக்கம் முழுவதையும் இந்த ஒரு விடயத்துக்கே விட்டிருக்கிறேன்.

கேள்வி: என் தங்கை அமெரிக்காவில் குடும்பத்துடன் இருக்கிறாள். அவளுடைய மகன் அங்கேயே பிறந்து வளர்ந்தவன், வயது 26. அமெரிக்க இராணுவத்தில் சேர்ந்து, இப்போது ஜப்பானில் ஸாமா என்ற முகாமில் தொலைத்தொடர்புப் பிரிவில் வேலை செய்கிறான். ‘ஆமி’ என்ற சொல்லை எங்கள் வீடுகளில் எந்தக் குரலில் சொல்லுவோம் என்பது உங்களுக்குத் தெரியும். அதனால் ஊரில் யாரும் கேட்டால் ‘கம்பியூட்டர் வேலை’ என்றுதான் சொல்லி வந்தோம். அதைப் பொறுத்துக்கொண்டோம். இப்போது அவன் 250 சிசி மோட்டார் சைக்கிள் ஒன்றைப் பழையதாக வாங்கி, லீவு நாள்களில் ‘றோட் ரேஸ்’ ஓடுகிறானாம். தங்கை தொலைபேசியில் அழுகிறாள். நான் பலாலி வீதிக்குப் பக்கத்து வீட்டில் இருப்பவள். இரவு பத்து மணிக்குப் பிறகு பொடியன்கள் ஓடும் சத்தத்தைக் கேட்டுக்கொண்டுதான் படுக்கிறேன். எது எப்போது எங்கே மோதும் என்று நெஞ்சு அடித்துக்கொண்டிருக்கும். பெறாமகன் வாரம் ஒரு தடவை ‘பெரியம்மா’ என்று எடுத்துக் கதைப்பான். என் சொல்லைக் கேட்பான். என்ன சொல்லி அவனை நிறுத்தலாம்?
– ஒரு வாசகி, உரும்பிராய்

பதில்: அம்மா, முதலில் அந்தச் சொல்லைப் பிரித்துப் பார்க்க வேண்டியிருக்கிறது, ஏனெனில் உங்கள் பயத்தில் பாதி அந்தச் சொல்லில்தான் இருக்கிறது. ‘றோட் ரேஸ்’ என்ற ஒரே பெயரில் உலகத்தில் மூன்று வெவ்வேறு காரியங்கள் நடக்கின்றன. அமெரிக்காவிலும் ஜப்பானிலும் அந்தப் பெயர், பந்தயத்துக்கென்றே கட்டி வேலியடைத்த தார்த் தடத்தில் நடக்கும் ஓட்டத்தைக் குறிக்கும். மண்ணிலும் சேற்றிலும் பாய்ந்து ஓடும் போட்டிகளிலிருந்து வேறுபடுத்துவதற்காகவே ‘றோட்’ என்று சேர்த்துச் சொல்கிறார்கள். பிரித்தானியாவிலும் அயர்லாந்திலும் அதே பெயர், ஊர்மக்கள் அன்றாடம் போய்வரும் வீதிகளைச் சில மணி நேரம் மூடிவிட்டு, மதில்களுக்கும் விளக்குக் கம்பங்களுக்கும் நடுவே ஓடும் பந்தயத்தைக் குறிக்கும். மூன்றாவது, உங்கள் வீட்டு யன்னலுக்கு வெளியே நடப்பது. அதற்குப் பந்தயம் என்ற பெயரையே நான் கொடுக்க மாட்டேன்.

ஸாமா முகாம் தோக்கியோவுக்குத் தென்மேற்கே கனகாவா மாகாணத்தில் இருக்கிறது. அங்கிருந்து விடுமுறை நாளில் ஒருவர் மோட்டார் சைக்கிளை ‘வான்’ வாகனத்தில் ஏற்றிக்கொண்டு போகக்கூடிய தடங்களில் ஒன்று, தோக்கியோவுக்கு வடக்கே இபராக்கி மாகாணத்தில் உள்ள ட்சுகுபா. சுற்றளவு இரண்டு கிலோமீற்றருக்குச் சற்று மேல். வளைவுகள் நெருங்கி நெருங்கி வருவதால், பெரிய இயந்திரங்களைவிடச் சிறிய இயந்திரங்களுக்கும் புதிதாகப் பழகுபவர்களுக்கும் ஏற்ற தடம் என்று பெயர் எடுத்தது. நினைத்தவுடன் போய் யாரும் அதில் ஓடிவிட முடியாது. தடத்தின் உறுப்புரிமை பெற வேண்டும், அதற்கு விரிவுரையில் இருந்து கொடி அடையாளங்களைப் படிக்க வேண்டும். போட்டி என்று வந்தால் 1961 முதல் இயங்கிவரும் ஜப்பான் மோட்டார் சைக்கிள் சம்மேளனத்தின் அனுமதிப்பத்திரமும் வேண்டும். மஞ்சள் கொடி அசைந்தால் முன்னால் எவரோ விழுந்திருக்கிறார், அந்த இடத்தில் யாரும் யாரையும் முந்தக் கூடாது. சிவப்பும் மஞ்சளும் வரிவரியாக இருந்தால் தடத்தில் எண்ணெயோ நீரோ கிடக்கிறது. சிவப்பு என்றால் ஓட்டம் நிறுத்தப்பட்டுவிட்டது. மொழி தெரியாத அமெரிக்கப் பொடியனுக்கும் கொடி விளங்கும்.

அந்தத் தடத்தில் இல்லாதவற்றை எண்ணிப் பாருங்கள். எதிரே வரும் மினி பஸ் இல்லை. ஒழுங்கையிலிருந்து திடீரென்று வெளியே வரும் சைக்கிள் இல்லை. மாடு, நாய், மதகு, மின்கம்பம், மழைக்குப் பிறகு வீதியில் பரவிக் கிடக்கும் மணல் இல்லை. எல்லாரும் ஒரே திசையில் போகிறார்கள். வளைவின் வெளிப்புறத்தில் வெறும் வெளியும் கற்படுக்கையும் இருக்கும்; விழுந்தவன் சறுக்கிப் போய்த் தானாகவே நிற்பதற்காக அந்த இடம் விடப்பட்டிருக்கிறது. மூலைக்கு மூலை ஆள் நிற்பார். அம்புலன்ஸ் இயந்திரத்தை இயக்கத் தயாராக உள்ளேயே நிற்கும்.

இதற்காக ஆபத்து இல்லை என்று நான் எழுதினால் அது பொய். இவர்கள் விழுவார்கள், விழாமல் எவரும் பழகியதில்லை. வளைவில் சாய்ந்திருக்கும்போது ரயர் பிடியை விட்டு, வண்டி சாய்ந்த பக்கமாகவே படுத்துச் சறுக்குவது ஒருவகை. தோல் உடுப்புத் தேயும், மனிதன் பெரும்பாலும் எழுந்து நடந்து வருவான். மற்றது கொடுமையானது. பின் ரயர் வழுக்கி, பிறகு சட்டென்று மறுபடி தரையைப் பிடிக்கும்போது வண்டி நிமிர்ந்து உதறும். அந்த உதறலில் ஓட்டுபவன் மேலே எறியப்படுவான். காறை எலும்பும் மணிக்கட்டும் முறிவது இப்படித்தான். விழுந்தவன் மேல் பின்னால் வருபவன் ஏறிவிடுவது, தடத்தில் உயிரைக் கொண்டுபோகக்கூடிய விபத்து. அதற்கு எந்தக் கற்படுக்கையும் உதவாது.

1987 இல் நான் கோப்பாயிலிருந்து திரும்பும்போது, மணிக்கு 40 கிலோமீற்றர்கூட இல்லாத வேகத்தில், ஈர மணலில் வழுக்கி விழுந்தேன். தலையில் ஒன்றும் இல்லை, காலில் பாட்டா செருப்பு. வலது முழங்கையில் அந்தத் தழும்பு இன்னும் இருக்கிறது. மழைக் காலத்தில் கடுக்கும். என் வாழ்நாளில் நான் விழுந்தவர்களைப் பார்த்ததெல்லாம் வீதியில்தான், தடத்தில் அல்ல. ஆகவே என் தீர்ப்பில் ஒருபக்கச் சாய்வு இருக்கலாம். அதையும் கருத்தில் எடுத்துக்கொள்ளுங்கள்.

அவனை நிறுத்தச் சொல்லி நான் உங்களைத் தூண்ட மாட்டேன். நிறுத்து என்றால் அவன் உங்களுக்குச் சொல்வதைத்தான் நிறுத்துவான். அடுத்த முறை எடுக்கும்போது எந்தத் தடத்தில் ஓடுகிறாய் என்று பெயரைக் கேளுங்கள். முதுகுக்கும் நெஞ்சுக்கும் உள்ளே என்ன போடுகிறாய் என்று கேளுங்கள். அன்றைக்குக் கூட யார் வருகிறார்கள், விழுந்தால் முகாமுக்கு யார் அறிவிப்பார் என்று கேளுங்கள். தனியாகப் போகிறேன் என்றால் அந்த இடத்தில் நீங்கள் கோபிக்கலாம். தடத்துக்கு வெளியே, ஜப்பானின் மலைப்பாதைகளில் இரவில் ஓடுகிறாயா என்பதையும் கேளுங்கள். அதற்கு ‘இல்லை’ என்ற பதில் எவ்வளவு வேகமாக வருகிறது என்பதைக் கவனியுங்கள்.

இன்னுமொன்று: நாளைக்கு அவன் பிரித்தானியாவுக்கும் அயர்லாந்துக்கும் இடையிலுள்ள மான் தீவுக்கு (Isle of Man) போகப்போகிறேன் என்று சொன்னால், அப்போது நீங்களும் தங்கையும் சேர்ந்து அழலாம், நானும் உங்கள் பக்கம் நிற்பேன். 1907 முதல் பந்தயம் நடக்கும் அந்தத் தீவின் மலைச் சுற்று ஒரு சுற்றே 60.7 கிலோமீற்றர், யாழ்ப்பாணத்திலிருந்து புறப்பட்டுக் கிளிநொச்சிக்குச் சற்று முன்னால் நிற்கும் தூரம். 2023 இல் அதை ஒருவர் 17 நிமிடங்களுக்கும் குறைவான நேரத்தில், மணிக்குச் சராசரியாக 219 கிலோமீற்றர் வேகத்தில் சுற்றி வந்தார். வீட்டு வாசல், தேவாலய மதில், தபால்பெட்டி எல்லாம் பக்கத்தில் பறக்கும். அந்தச் சுற்றில் இதுவரை 260 பேருக்கு மேல் இறந்திருக்கிறார்கள். 2022 இல் ஒரே பந்தயக் காலத்தில் ஆறு பேர். தொழில்முறையாக ஓடாதவர்களுக்கென்றும் அங்கே 1923 முதல் தனிப் பந்தயம் இருக்கிறது என்பதுதான் எனக்குப் பயமாக இருக்கிறது.

கேள்வி: இராணுவத்தில் இருப்பவனுக்கு ஆபத்துப் போதாதா? ஓய்வு நேரத்திலும் ஏன் உயிரைப் பணயம் வைக்கிறார்கள்? மேலதிகாரிகள் கண்டிப்பதில்லையா?
– ஓய்வுபெற்ற அதிபர், பருத்தித்துறை

பதில்: ஐயா, கண்டித்துப் பார்த்தார்கள், பிறகு வழியை மாற்றிக்கொண்டார்கள். 2007 நவம்பரிலிருந்து 2008 ஒக்டோபர் வரையான காலத்தில் அமெரிக்க மரைன் படையில் மோட்டார் சைக்கிள் விபத்துகளில் 25 பேர் இறந்தார்கள். அதே காலத்தில் ஈராக்கில் சண்டையில் இறந்த மரைன்கள் 20 பேர். அந்த 25 பேரில் ஒருவரைத் தவிர மற்றவர்கள் எல்லாரும் பந்தயச் சாயலில் செய்யப்பட்டு வீதிக்கு விற்கப்படும் அதிவேக மோட்டார் சைக்கிள்களில் போனவர்கள். போர்முனையைவிட வீட்டுக்கு முன்னால் உள்ள வீதி அதிகம் பேரைக் கொண்டுபோயிருக்கிறது. இந்தக் கணக்கு வெளியானபோது அதிகாரிகள் மட்டத்தில் பெரிய கலக்கம் ஏற்பட்டது.

காரணம் தேட வெகுதூரம் போக வேண்டியதில்லை. இருபதுகளில் இருக்கும் ஆண்பிள்ளை; மாதக் கணக்கில் செலவழிக்க இடமில்லாமல் சேர்ந்த சம்பளம்; எப்போதும் விழிப்பாகவே இருந்து பழகிய உடம்புக்குத் திரும்பி வந்தபின் அமைதி பொருந்தாமை. வெளிநாட்டு முகாமில் இருப்பவனுக்கு இதோடு தனிமையும் சேரும். முகாமுக்கு வெளியே தெரிந்த முகம் இல்லை, மொழி இல்லை. மோட்டார் சைக்கிள் ஓட்டுபவர்களின் கூட்டத்துக்குள் போனால் மட்டும் இரண்டு நாளில் சிநேகிதம் கிடைக்கும். ஒரு செயினை இறுக்குவதற்குப் பக்கத்தில் நிற்பவன் ஸ்பனரை நீட்டினால் அதற்கு மொழிபெயர்ப்பாளர் வேண்டாம்.

அமெரிக்கப் படைகளில் மோட்டார் சைக்கிள் ஓட்டும் ஒவ்வொருவரும் பயிற்சி வகுப்புக்குப் போயாக வேண்டும். அதிவேக மோட்டார் சைக்கிள்களுக்கெனப் படையினருக்காகவே தனி வகுப்பும் உருவாக்கப்பட்டது. தலைக்கவசம், கையுறை, நீளக்கைச் சட்டை, கணுக்காலை மூடும் சப்பாத்து ஆகியவை முகாமுக்குள்ளும் வெளியிலும், கடமை நேரத்திலும் ஓய்விலும் கட்டாயம். சில முகாம்கள் படையினரைப் பந்தயத் தடத்துக்கே கூட்டிக்கொண்டு போய், வேகத்தை அங்கே தீர்த்துக்கொண்டு வா என்று விடுகின்றன. படை ஒழுக்கத்தை நான் எந்த நாளும் மெச்சி எழுதியவன் அல்லன். ஆனாலும் இந்த ஒரு காரியத்தில் அவர்களுக்கு விடயம் பிடிபட்டிருக்கிறது.

படையிலிருந்து பந்தயத்துக்குப் போவது புதிய வழியும் அன்று. 1951 முதல் 1955 வரை ஆறு உலகப் பட்டங்களை வென்ற ஜெஃப் டியூக், பிரித்தானிய இராணுவத்தின் சமிக்ஞைப் படையில் மோட்டார் சைக்கிள் சாகசக் குழுவில் ஓடியவர். தொலைத்தொடர்புக்காரர், உரும்பிராய் அம்மாவின் பெறாமகனைப் போல. இன்று எல்லாப் பந்தயக்காரரும் அணியும் ஒரே துண்டாகத் தைத்த தோல் உடுப்பைப் பந்தயத்துக்குக் கொண்டுவந்தவரும் அவரே. காற்றில் படபடக்காமல் உடம்போடு ஒட்டியிருக்கட்டும் என்று ஒரு தையற்காரரிடம் சொல்லித் தைப்பித்தாராம்.

கேள்வி: தலைக்கவசம் என்பதே ஒரு படைவீரனின் சாவிலிருந்து வந்தது என்று எங்கோ படித்தேன். உண்மையா?
– க.பொ.த. உயர்தர மாணவி, சுண்டுக்குளி

பதில்: பாதி உண்மை, மகள். முதலாம் உலகப் போரில் அரேபியப் பாலைவனத்தில் பெயர் எடுத்த பிரித்தானிய அதிகாரி லோரன்ஸ், மோட்டார் சைக்கிளில் தீராத ஆசை கொண்டவர். படைச் சேவையிலிருந்து விலகிச் சில வாரங்களே ஆகியிருந்த 1935 மே 13 அன்று, இங்கிலாந்தில் தன் வீட்டுக்கு அருகே, சைக்கிளில் வந்த இரண்டு சிறுவர்களைத் தவிர்க்கத் திருப்பியபோது தூக்கி எறியப்பட்டார். தலையில் கவசம் இல்லை. ஆறு நாள் நினைவு திரும்பாமலே இறந்தார். அவரைப் பார்த்த மருத்துவர்களில் ஒருவர் ஹியூ கெயின்ஸ் என்ற இளம் மூளை அறுவைச் சிகிச்சை நிபுணர்.

அந்தச் சாவு கெயின்ஸின் மனத்தில் தங்கிவிட்டது. இரண்டாம் உலகப் போர் தொடங்கியதும், இரவில் விளக்கை மறைத்துக்கொண்டு செய்தி சுமந்து ஓடிய இராணுவ மோட்டார் சைக்கிள்காரர்கள் கூட்டங் கூட்டமாக அவருடைய வார்டுக்கு வந்தார்கள். 1941 இல் அவர் வெளியிட்ட ஆய்வின்படி, போரின் முதல் 21 மாதங்களில் பிரித்தானிய வீதிகளில் 2,279 மோட்டார் சைக்கிள் ஓட்டுநர்களும் பின்னால் இருந்தவர்களும் இறந்திருந்தார்கள். கவசம் அணிந்தபடி விபத்துக்குள்ளானவர்களாக அவர் கண்டவர்கள் ஏழு பேர் மட்டுமே; ஏழு பேரும் உயிரோடு இருந்தார்கள். ஏழு என்பது சிறிய எண். ஆனாலும் இராணுவத்துக்கு அது போதுமாக இருந்தது. அந்த ஆண்டு முடிவதற்குள் கடமையில் மோட்டார் சைக்கிள் ஓட்டும் வீரர்கள் எல்லாருக்கும் கவசம் கட்டாயமாக்கப்பட்டது.

மற்றப் பாதி இதுதான்: பந்தயக்காரர் அதற்கு வெகு முன்பே அணிந்துவிட்டார்கள். துணியில் அரக்குப் பூசி இறுக்கிச் செய்த கவசம் 1914 இலேயே மான் தீவுப் பந்தயத்தில் கட்டாயமாக இருந்தது. பிரித்தானியாவில் சாதாரண வீதி ஓட்டுநருக்கு அது சட்டமானது 1973 இல். தடத்துக்கும் வீதிக்கும் இடையில் 59 ஆண்டுகள். யாழ்ப்பாணத்தில் கவசத்தை எண்ணெய்த் தாங்கியின் மேல் வைத்துக்கொண்டு, பொலிஸ் நிற்கும் சந்தி வந்ததும் எடுத்துத் தலையில் கவிழ்ப்பவர்களை எந்த ஆண்டுக்குள் சேர்ப்பது என்று நீங்களே கணக்குப் பாருங்கள்.

கேள்வி: பொழுதுபோக்கில் அடிபட்டால் படை செலவைப் பார்க்குமா? காப்புறுதி கிடைக்குமா?
– ஒரு தகப்பன், சுன்னாகம்

பதில்: பணியில் இருக்கும் அமெரிக்கப் படைவீரருக்கு மருத்துவம் கிடைக்கும். ஆனால் கடுமையான காயம் என்றால், அது அவருடைய சொந்த ஒழுங்கீனத்தால் வந்ததா என்று விசாரிப்பார்கள். அனுமதி பெற்ற தடத்தில் முழுக் கவசத்தோடு விழுந்தவருக்கும் குடித்துவிட்டு வீதியில் விழுந்தவருக்கும் அந்த விசாரணையின் முடிவு ஒன்றாக இராது. படையின் குழு ஆயுட்காப்புறுதி 2023 முதல் ஆகக்கூடியது 5 இலட்சம் டொலர். அது விபத்துச் சாவுக்கும் பொருந்தும். வெளியே தனியாக எடுக்கும் காப்புறுதிகளில்தான் கண்ணி இருக்கும். மோட்டார்ப் பந்தயத்தை விலக்கும் வரி பெரும்பாலான ஒப்பந்தங்களில் சின்ன எழுத்தில் கிடக்கும். மோட்டார் சைக்கிளின் வீதிக் காப்புறுதியும் தடத்துக்குள் செல்லாது. உங்கள் பிள்ளையும் இந்த வழியில் போவதால்தான் கேட்கிறீர்கள் என்று நினைக்கிறேன். தாளை வாங்கி நீங்களே வாசியுங்கள்.

கேள்வி: எனக்கு 21 வயது. எனக்கும் ஓட விருப்பம். வெளிநாட்டுக்குப் போனால்தான் முடியுமா? வீதியில் ஓடினால் பிடிக்கிறார்கள்.
– சாவகச்சேரி இளைஞர்

பதில்: பிடிக்கட்டும், தம்பி. ஆனால் நீர் நேர்மையாகக் கேட்டிருப்பதால் நானும் நேர்மையாகவே பதில் எழுதுகிறேன்.

வடக்கில் பந்தயத் தடம் இல்லை. இலங்கையில் நடக்கும் பெயர்பெற்ற மோட்டார் சைக்கிள் போட்டிகளில் பல மண் தடத்தில் நடப்பவை. தியத்தலாவையில் இராணுவக் கல்லூரி நடத்தும் ஃபொக்ஸ்ஹில், அநுராதபுரம் சாலியபுரத்தில் நடக்கும் கஜபா போட்டி இரண்டையும் படையினரே நடத்தி வந்திருக்கிறார்கள். தார்த் தடம் வேண்டுமானால் களுத்துறைக்குப் பக்கத்தில் கட்டுக்குருந்த இருக்கிறது. இரண்டாம் உலகப் போரில் போட்ட விமான ஓடுபாதை அது. நம்மவர்களுக்குத் தியத்தலாவைக்குப் போக மனத்தில் ஒரு தயக்கம் இருக்கும். எனக்கும் இருக்கும். அதை இல்லையென்று நடித்து உமக்கு அறிவுரை எழுத மாட்டேன்.

வேறொரு வழி, பலாலியிலிருந்து சென்னைக்கு விமானம் ஏறுவது. சென்னைக்கு வெளியே இருங்காட்டுக்கோட்டையில் 1990 முதல் 3.7 கிலோமீற்றர்ச் சுற்றளவுள்ள தடம் ஒன்று இருக்கிறது. அங்கே புதியவர்களுக்குச் சின்ன இயந்திரங்களில் பயிற்சி வகுப்புகள் நடக்கின்றன, கற்பிப்பவர்கள் தமிழில் ஏசுவார்கள். பலாலி வீதியில் இரவு ஓடுபவர்களுக்கும் சொல்லுங்கள்: அந்த வீதியின் முடிவில் இருப்பது விமான நிலையம்.

இயந்திரம் பெரிதாக இருக்க வேண்டும் என்று நினைக்க வேண்டாம். ஜப்பானில் தொடங்குகிறவர்கள் பலர் 100 சிசியில் தொடங்குகிறார்கள். இந்த ஊரில் நாங்கள் தொடங்கியது 90 சிசியில். ஜப்பானில் தபாற்காரர் ஓட்டிக் கழித்த சிவப்பு எம்.டி.90 மோட்டார் சைக்கிளை இங்கே எத்தனை வீடுகளில் கண்டிருப்பீர்! பொருளாதாரத் தடைக் காலத்தில் பெற்றோல் தங்கத்துக்குச் சமம், மண்ணெண்ணெயில் ஓடினோம். பழைய சேலைன் போத்தலில் கொஞ்சம் பெற்றோல் தொங்கும். காபரேற்றருக்குள் நாலு சொட்டு விட்டு, உதைத்து, இயந்திரம் சூடேறும் வரை காதைக் கொடுத்துக் கேட்டுக்கொண்டு நின்று, சத்தம் தடிக்கும் அந்தக் கணத்தில் மண்ணெண்ணெய்க்கு மாற்ற வேண்டும். ஒரு மூச்சு முந்தினால் வெள்ளைப் புகையோடு நின்றுவிடும். மறுபடி நாலு சொட்டு செலவு. இயந்திரத்தின் குரலைக் கேட்டு ஓட்டும் பழக்கத்தை எங்களுக்கு யாரும் வகுப்பு வைத்துச் சொல்லித்தரவில்லை.

அந்த எம்.டி.90 ஐச் செய்த ஹொண்டா, 1959 இல் முதன்முதலாக மான் தீவுக்குப் போனபோது 125 சிசி வகுப்பில் அடைந்த இடங்கள் 6, 7, 8, 11. முதலிடம் இல்லை, ஆனால் குழுவுக்கான பரிசு கிடைத்தது. இரண்டே ஆண்டுகளில், 1961 இல், அதே தீவில் வென்றார்கள். சின்ன இயந்திரத்தில் தொடங்கியவர்களை யாரும் கேலி செய்ய வேண்டியதில்லை.

கேள்வி: (இதழ் அச்சுக்குப் போகுமுன் உரும்பிராய் வாசகி மறுபடி எழுதியிருக்கிறார். தொலைபேசியில் நான் சுருக்கமாகச் சொன்ன கேள்விகளை அவர் பெறாமகனிடம் கேட்டுவிட்டார்.) தடம் ட்சுகுபாதானாம். கூடவே முகாமில் இருந்து இரண்டு பேரும், ஒரு ஜப்பானிய மெக்கானிக்கும் போகிறார்களாம். மலைப்பாதையில் ஓடுவதில்லை என்று உடனே சொன்னான். அமெரிக்காவில் வலது பக்கம் ஓட்டிப் பழகியவன், ஜப்பானில் இங்கே போல இடது பக்கம் என்பதால் முதல் மாதம் வீதியில்தான் பயந்தேன், தடத்தில் அந்தப் பயம் இல்லை என்றான். ஒரு படமும் அனுப்பினான், அதைப் பார்த்தால் எனக்கு மூன்று சந்தேகம். முன் விளக்கில் ஏன் பிளாஸ்ரர் ஒட்டியிருக்கிறது? முழங்கால்களில் கட்டியிருக்கும் பிளாஸ்ரிக் துண்டு ஏன் வலது காலில் மட்டும் தேய்ந்திருக்கிறது? எல்லாவற்றையும்விட, வண்டி ஒரு பக்கம் போக அவன் ஏன் வேறு பக்கம் பார்த்துக்கொண்டு இருக்கிறான்?

பதில்: விளக்கு உடைந்தால் கண்ணாடித் துண்டுகள் தடத்தில் சிதறிப் பின்னால் வருபவரின் ரயரைக் கிழிக்கும், அதற்காக ஒட்டுவார்கள். இதே காரணத்துக்காகப் பக்கக் கண்ணாடிகளைக் கழற்றிவிடுவார்கள், எண்ணெய் வெளியேற்றும் ஆணியைக் கம்பியால் கட்டிவைப்பார்கள், குளிரூட்டும் திரவத்தை வடித்துவிட்டு வெறும் தண்ணீரை விடுவார்கள்; அந்தத் திரவம் தாரில் சிந்தினால் எண்ணெயைப் போல வழுக்கும். இவை அநேகமாகத் தனக்காக அல்ல, பின்னால் வருபவனுக்காகச் செய்யும் வேலைகள்.

முழங்காலில் இருப்பது அளவுகோல். வண்டி சாயும்போது அந்தத் துண்டு தரையைத் தொடும்; தொட்டால் எவ்வளவு சாய்ந்திருக்கிறோம் என்று கண்ணை எடுக்காமலே தெரியும். தேய்ந்திருக்கும் பக்கத்தைப் பார்த்தால் அவன் வலது வளைவுகளில் தைரியமாகச் சாய்கிறான், இடது வளைவுகளில் இன்னும் தயங்குகிறான் என்று தெரிகிறது. அடுத்த முறை எடுக்கும்போது இதைச் சொல்லுங்கள். பெரியம்மாவுக்கு எப்படித் தெரிந்தது என்று திகைப்பான்.

அவன் வேறு பக்கம் பார்க்கவில்லை, அம்மா. படத்தைக் கொஞ்சம் திருப்பிப் பிடித்துப் பாருங்கள்: வளைவு முடிந்து தடம் நேராகும் இடம் அந்தப் பக்கம்தான் இருக்கிறது. கண் போகும் இடத்துக்கே மோட்டார் சைக்கிள் போகும் என்பதால், வளைவுக்குள் நுழையும்போதே வெளியே வரும் இடத்தைப் பார்க்கப் பழக்குவார்கள்.